டிபிடி யாருக்கு? சேர்ப்பதற்கு முன் நான் பார்ப்பவை

மாதத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறார்: "மேடம், டாக்டர் டிபிடி எடுத்துக்கச் சொன்னாங்க, நீங்க பண்ணுவீங்களா?" முன்பெல்லாம் சீட்டில் "கவுன்சலிங்" என்று ஒரே வார்த்தை இருக்கும். இப்போது சிகிச்சையின் பெயரையே எழுதி அனுப்புகிறார்கள். ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தானாகவே முடிவு செய்து வருகிறவர்களும் உண்டு. பெயர் தெரிந்து வருவதில் தப்பில்லை. ஆனால் சீட்டில் இருக்கும் பெயரும் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளும் பொருந்துகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. அதை நான் எப்படிப் பார்க்கிறேன், டிபிடி இல்லையென்றால் எதை யோசிக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி பலருடைய கதைகளைக் கலந்திருக்கிறேன்.

டிபிடி என்பது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற பேச்சுவழி மனநல சிகிச்சை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் உருவாக்கியது. திரும்பத் திரும்பத் தற்கொலைக்கு முயன்ற பெண்களோடு அவர் வேலை செய்துகொண்டிருந்தார். "இதை மாற்றிக்கொள், அதை மாற்றிக்கொள்" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு அது இன்னொரு குற்றச்சாட்டாகப் பட்டது. "உன் வலி புரிகிறது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் எதுவும் நகரவில்லை. இரண்டையும் ஒரே அறைக்குள் சேர்த்துச் செய்யப் போய்ப் பிறந்ததுதான் இந்த முறை. ஒப்பிட்டுச் செய்த முதல் ஆய்வு 1991-ல் வந்தது, கையேடு 1993-ல். இளம் வயதில் தானும் மனநல மருத்துவமனையில் நீண்ட நாள் இருந்தவர் என்பதை லினஹன் 2011-ல் வெளியே சொன்னார்.

இதில் நான்கு வகைத் திறன்கள் கற்றுக்கொடுக்கப்படுகின்றன: இந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று கவனிப்பது, நெருக்கடியை இன்னும் மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் தேவையானதைக் கேட்பது. ஒரு சுற்று முடிய 24 வாரம், ஒரு வருடத்தில் இரண்டு சுற்று. திறன் வகுப்பு முழு டிபிடியின் நான்கு கால்களில் ஒன்று மட்டும்தான். வாரம் ஒரு தனிச் சந்திப்பு, இடையில் தேவைப்பட்டால் தொலைபேசியில் உதவி, சிகிச்சை தருபவர்களே வாராவாரம் கூடித் தங்கள் தடுமாற்றங்களைப் பேசிக்கொள்ளும் குழு ஆகியவை மற்ற மூன்று. இந்தக் கடைசிக் கால் பலருக்கும் தெரிவதில்லை.

சரி, யாருக்குப் பொருந்தும்?

"பார்டர்லைன் பர்சனாலிட்டியா? அப்ப டிபிடி" என்று நோயின் பெயரை வைத்து முடிவு செய்வது எளிது. (உணர்ச்சியும் உறவுகளும் தன்னைப் பற்றிய எண்ணமும் நிலையாக நில்லாத ஆளுமைக் கோளாறுதான் பார்டர்லைன்.) நான் அங்கிருந்து ஆரம்பிப்பதில்லை. லினஹனின் முறையிலேயே அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவர் தனக்கு உதவக்கூடிய ஒன்றைச் செய்யாமல் இருக்கிறார் என்றால் ஏன்? நான்கு காரணங்கள் இருக்கலாம். எப்படிச் செய்வது என்றே தெரியாமல் இருக்கலாம். தெரியும், ஆனால் அந்த நேரத்தில் பயமோ அவமானமோ வந்து கையைக் கட்டிப்போடலாம். தெரியும், ஆனால் "எனக்கு அதற்குத் தகுதியில்லை" என்பது போன்ற ஒரு நம்பிக்கை குறுக்கே நிற்கலாம். அல்லது அவர் சரியாகச் செய்தால் சுற்றியுள்ளவர்கள் தண்டிக்கிறார்கள், தப்பாகச் செய்தால்தான் கவனிக்கிறார்கள் என்று இருக்கலாம். முதல் காரணத்துக்குத் திறன் பயிற்சிதான் மருந்து. மற்ற மூன்றுக்கும் மருந்து வேறு. முழு டிபிடிக்குள் நான்குக்கும் இடம் உண்டு, ஆனால் வெறும் திறன் வகுப்பு முதல் ஒன்றுக்கு மட்டும்தான் கைகொடுக்கும்.

இது ஏட்டில் படிக்க அழகாக இருக்கும். ஆளைப் பார்த்தால்தான் புரியும்.

இருபத்து நான்கு வயதுப் பெண், சாஃப்ட்வேர் வேலை, ஹாஸ்டல். காதலன் போனை எடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் உலகம் முடிந்துவிடும். நாற்பது மிஸ்டு கால், அப்புறம் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, மறுநாள் தாங்க முடியாத வெட்கம், அந்த வெட்கத்திலிருந்து தப்பிக்க அடுத்த சண்டை. "அந்தப் பத்து நிமிஷத்துல வேற என்ன பண்ணலாம்னு தோணுது?" என்று கேட்டேன். யோசித்தார். "வேற என்ன இருக்கு?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்டார். சின்ன வயதில் அழுதால் அடி, கோபப்பட்டால் "பைத்தியமா உனக்கு" என்ற பேச்சு. இயல்பிலேயே உணர்ச்சி சட்டென்று ஏறி மெதுவாக இறங்கும் குழந்தைக்கு, அதை எப்படி இறக்குவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. லினஹன் சொன்னதும் இந்தச் சேர்க்கையைத்தான். இவருக்கு டிபிடி என்று எழுத எனக்குத் தயக்கமே இல்லை.

அடுத்து வந்தவர் முப்பத்தெட்டு வயது, வங்கி வேலை. அவரும் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறவர், அவர் கொண்டுவந்த சீட்டிலும் டிபிடி. ஆனால் சந்திப்புக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிடுவார். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. "கோபம் வருமா?" என்றால் "எனக்குக் கோபமே வராதுங்க" என்பார். காயம் யாருக்கும் தெரியாமல், திட்டமிட்டு, தான் செய்த ஏதோ ஒரு சின்னத் தவறுக்குத் தண்டனையாக. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இவருக்கு உணர்ச்சியை அடக்கக் கற்றுக்கொடுப்பது, மூச்சுமுட்டுகிறவருக்கு இன்னொரு சட்டை மாட்டிவிடுவது போல. வீட்டுப்பாடம் கொடுத்தால் நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டு வருவார். வகுப்பிலேயே முதல் மாணவராக இருப்பார். உள்ளே ஒன்றும் மாறியிருக்காது.

இப்படி அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்திக்கொள்கிறவர்களுக்காகவே தாமஸ் லின்ச் என்பவர் ஆர்ஓ-டிபிடி (ராடிகலி ஓப்பன் டிபிடி) என்று ஒரு முறையை உருவாக்கினார். பெயரில் டிபிடி இருந்தாலும் போகும் திசை கிட்டத்தட்ட எதிர். இங்கே கற்றுக்கொடுப்பது மனம்விட்டுக் காட்டிக்கொள்வதையும், முகத்தைத் தளர விடுவதையும், தனிமையை உடைப்பதையும்தான். நாட்பட்ட மனச்சோர்வு உள்ள 250 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஏழாம் மாதத்தில் பலன் தெரிந்தது. முதன்மை அளவீடாக வைத்திருந்த பன்னிரண்டாம் மாதத்தில் தெளிவான வித்தியாசம் நிற்கவில்லை. ஆகவே இதை மந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுப்பாடு குறைந்தவரா கூடியவரா என்ற கேள்வியை எனக்குக் கொடுத்ததே போதும். காயம் என்ற ஒரே அடையாளத்தை வைத்து இந்த இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. நானும் செய்திருக்கிறேன். வங்கிக்காரரைப் போன்ற ஒருவர் என் வகுப்பில் ஐந்து மாதம் ஒழுங்காக வந்து, எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, வந்தபோது இருந்ததைவிடச் சோர்ந்துபோய் வெளியேறினார்.

மூன்றாவது ஆள். கல்யாணமாகி ஒன்பது வருடம். "எனக்குப் பேசத் தெரியல, அதனாலதான் வீட்ல பிரச்சனை" என்று வந்தார். பேசவிட்டுப் பார்த்தால் தெளிவாக, மரியாதையாக, நயமாகப் பேசுகிறார். பிறகுதான் தெரிந்தது, வீட்டில் வாயைத் திறந்த நாளெல்லாம் அடி விழுந்திருக்கிறது. டிபிடியில் தேவையானதைக் கேட்கவும் வேண்டாததை மறுக்கவும் படிப்படியாக ஒரு பயிற்சி உண்டு. அதை இவருக்குக் கொடுத்து அனுப்பியிருந்தால் ஆபத்தில் தள்ளியிருப்பேன். குறை இவருடைய திறனில் இல்லை, வீட்டில் இருக்கிறது. இங்கே முதல் வேலை பாதுகாப்பு: பெண்களுக்கான 181 உதவி எண், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி இருக்கும் பாதுகாப்பு அலுவலர், போய்த் தங்க ஓர் இடம். திறன் பயிற்சியெல்லாம் அதற்கப்புறம்.

இன்னொரு வகையினருக்குத் தெரியும், ஆனால் பயம் விடாது. விடாத எண்ணமும் சடங்கும் பிடித்தாட்டும் ஓசிடி நோயால் கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவருக்கும், விபத்துக்குப் பிறகு பஸ்ஸிலேயே ஏற முடியாதவருக்கும் மூச்சுப் பயிற்சியும் கவனத்தை வேறுபக்கம் திருப்பும் உத்தியும் கற்றுக்கொடுத்தால், பயத்திலிருந்து ஓட இன்னும் நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்ததாகத்தான் ஆகும். அவர்களுக்கு வேண்டியது பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை. ஓசிடிக்கு அது சடங்கைச் செய்யாமல் பதற்றத்தோடு இருந்து பழகுவது, அதிர்ச்சி அனுபவத்துக்கு, அந்த நினைவையே படிப்படியாக எதிர்கொள்ள எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வகுத்த முறை. சேர்ந்து வந்தால்? அதிர்ச்சியும் இருக்கிறது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் இருக்கிறது என்றால், இந்த இரண்டு சிகிச்சைகளையும் சேர்த்து மெலனி ஹார்னட் என்ற உளவியலாளர் உருவாக்கிய இணைப்பு முறையின் வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் டிபிடி, காயப்படுத்திக்கொள்வது நின்று இரண்டு மாதமாவது ஆனதும் பழைய அதிர்ச்சியைத் தொடுவது. வரிசை மாறினால் கிணற்றைத் தூர்வாரப் போய்க் கரை இடிந்த கதையாகிவிடும்.

முழுசா, வகுப்பு மட்டுமா?

எங்கள் ஊரில் உண்மையான சண்டை இங்கேதான். முழு டிபிடி என்றால் வாரம் இரண்டு வருகை, ஒரு வருடம். இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு அதுவே ஒரு வேலை. கட்டணமும் இரட்டிப்பு. எங்கள் பக்கமும் சிக்கல் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு வரும் அழைப்பை எடுக்கிறவருக்கு மறுநாள் அதைப் பற்றிப் பேச ஒரு குழு வேண்டும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாராவாரம் செவ்வாய்க்கிழமை உட்கார ஆரம்பித்த பிறகுதான் "டிபிடி செய்கிறோம்" என்று சொல்லவே எனக்கு வாய் வந்தது. அதுவரை செய்தது டிபிடியிலிருந்து எடுத்த சில பயிற்சிகள்.

அப்படியானால் வகுப்பு மட்டும் போதாதா? 2015-ல் லினஹனின் குழு இதைத்தான் சோதித்தது. 99 பெண்கள், மூன்று பிரிவு: முழு டிபிடி, திறன் வகுப்போடு ஒருங்கிணைப்பு உதவி, திறன் வகுப்பு இல்லாத தனிச் சிகிச்சை. தற்கொலை முயற்சிகள் மூன்றிலும் குறைந்தன. ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்த அளவைப் பார்த்தால், திறன் வகுப்பு இருந்த பிரிவுகள் முன்னால் நின்றன. "பார்த்தீங்களா, வகுப்பு போதும்" என்று இதைக் காட்டிச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே வகுப்பு மட்டும் கிடைத்தவர்களுக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார், தற்கொலை ஆபத்தை மதிப்பிட்டுக் கையாளும் ஒழுங்கும் இருந்தது. சனிக்கிழமை மண்டபத்தில் இருபது பேரை உட்கார வைத்துப் பவர்பாயிண்ட் போடுவதல்ல அது.

என் கணக்கு இப்படி. கடந்த சில மாதங்களில் தற்கொலை முயற்சி, அல்லது நிற்காத காயப்படுத்திக்கொள்ளல் என்றால் முழு டிபிடிதான், நான் செய்ய முடியாவிட்டால் செய்கிற இடத்துக்கு அனுப்புவேன். 2006-ல் வந்த ஆய்வில், அனுபவமுள்ள நிபுணர்களிடம் வேறு சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது டிபிடி பெற்றவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்களின் விகிதம் ஏறக்குறையப் பாதி. உயிர் ஆபத்து இல்லை, ஆனால் கோபம் வெடிக்கிறது, ஆத்திரத்தில் சாப்பிட்டுத் தள்ளுகிறார், வேலை நிலைக்கவில்லை என்றால் வகுப்பிலிருந்து ஆரம்பிப்பேன். உணர்ச்சிக் கொந்தளிப்பு இருந்து பார்டர்லைன் இல்லாத 44 பேருக்கு 16 வார வகுப்பு மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. சாதாரண ஆதரவுக் குழுவைவிட அது நன்றாக வேலை செய்தது. ஒரு வருடம் முடியாதவருக்கும் கதவைச் சாத்த வேண்டியதில்லை. 2022-ல் கனடாவில் 240 பேரை வைத்து ஆறு மாத டிபிடியையும் பன்னிரண்டு மாத டிபிடியையும் ஒப்பிட்டார்கள், காயப்படுத்திக்கொள்வது குறைவதில் ஆறு மாதம் பின்தங்கவில்லை. "ஒரு வருஷமா மேடம்?" என்று முகம் வாடுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

டிபிடி கிடைக்காத ஊரில் இருக்கிறவர்கள் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. அதே கனடாவில் ஷெல்லி மெக்மெயின் 2009-ல் 180 பேரிடம், ஒழுங்கான பொது மனநல சிகிச்சையையும் டிபிடியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் நன்றாகத் தேறினார்கள், வித்தியாசம் சொல்லும்படி இல்லை. ஆனால் அங்கே "பொது சிகிச்சை" என்றது ஒரே ஆளிடம் வாராவாரம், திட்டத்தோடு, மருந்தையும் சேர்த்துக் கவனித்த சிகிச்சை. மாதம் ஒருமுறை மூன்று நிமிடம் பார்த்து மாத்திரை எழுதுவதல்ல. லண்டனில் பேட்மேனும் ஃபோனகியும் உருவாக்கிய எம்பிடி (மென்டலைசேஷன் அடிப்படையிலான சிகிச்சை), சிறுவயதில் பதிந்துபோன மனப்போக்குகளை மாற்றப் பார்க்கும் ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா தெரபி இரண்டும் நல்ல முறைகளே. தன் மனதையும் அடுத்தவர் மனதையும் படிக்கத் தெரியாமல் உறவில் திரும்பத் திரும்ப அடிபடுகிறவர், நடத்தையில் பெரிய ஆபத்து இல்லாதவர் என்றால் எனக்கு எம்பிடி பக்கம் சாயத் தோன்றும். ஆனால் முறையாகப் பயிற்சி பெற்றவரை இங்கே தேடிப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

சிலருக்கு இப்போது எந்தத் திறன் வகுப்பும் வேண்டாம். காதில் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறவர், பித்து உச்சத்தில் தூங்காமல் இருக்கிறவர், குடி நிறுத்தி நடுங்கிக்கொண்டிருக்கிறவர், பட்டினியால் எடை ஆபத்தான அளவுக்கு இறங்கியவர் ஆகியோருக்கு முதலில் மருத்துவம். பிறகு வரட்டும்.

தகுதியில்லை என்று ஒதுக்கப்படுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "படிக்காதவங்க, ஒத்துவராது" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். டிபிடியில் டைரி கார்டு என்று ஒன்று உண்டு, தினமும் உணர்ச்சி எவ்வளவு ஏறியது, உந்துதல் வந்ததா, எந்தத் திறனைப் பயன்படுத்தினேன் என்று குறிப்பது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா, சுவரில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்துப் பின்பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். கோபத்துக்கு எத்தனை புள்ளி, அதைக் கடந்தால் ஒரு சுழி. பட்டப்படிப்பு படித்தவர்கள் வெறும் கையோடு வந்த வாரத்தில் அவர் ஏழு தாளோடு வந்தார். "அறிவுரை கேட்க மாட்டார்", "கோபக்காரர்", "ரெண்டு பேர்கிட்ட ஏற்கெனவே போய் நின்னுட்டார்" என்பவையும் தகுதியின்மை ஆகா. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்த முறையே வந்தது. சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கும் நடத்தையை, உயிர் ஆபத்துக்கு அடுத்த முக்கியப் பாடமாகவே இதில் எடுத்துக்கொள்கிறார்கள்.

கவனப் பயிற்சியைத் தியானம் என்று சொன்னதும் சிலர் பின்வாங்குவார்கள். தங்கள் மதத்துக்கு ஒவ்வாது என்று நினைக்கிறவர்களிடம் அந்த வார்த்தையையே நான் எடுப்பதில்லை. டீ கிளாஸின் சூடு, ஆவி, முதல் வாய். அவ்வளவுதான் பயிற்சி. முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி நெஞ்சுப் படபடப்பை இறக்கும் உத்தியைக் கற்றுக்கொடுப்பதற்கு முன் இதய நோய் இருக்கிறதா, நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். இதைக் கேட்காமல் வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் நிறைய.

பதின்வயதினரைப் பற்றி ஒன்று மட்டும்: தனியாக எடுப்பதில்லை, அம்மாவோ அப்பாவோ வகுப்பில் உட்கார வேண்டும். பிள்ளை வீட்டுக்குப் போய்ப் புதிதாக ஒன்றைச் செய்யும்போது "என்ன, நடிக்கிறியா?" என்று கேட்கிற வீட்டில் எந்தத் திறனும் நிற்காது.

இதெல்லாம் பார்த்த பிறகும் முதல் நாளே "சேர்ந்துக்கோங்க" என்று சொல்வதில்லை. நான்கு சந்திப்பு வைத்துக்கொள்கிறேன். டிபிடியிலேயே இப்படி ஒரு முன்கட்டம் உண்டு, உடன்பாட்டுக்கு வருவதற்காக. நான் ஆசை காட்டுவதில்லை. கொஞ்சம் வேண்டாம் என்கிற பக்கமாகவே நின்று பேசுகிறேன். "வாரம் ரெண்டு தடவை வரணும், வீட்டுப்பாடம் இருக்கு, தொடர்ந்து நாலு தடவை வகுப்புக்கோ தனிச் சந்திப்புக்கோ வரலைன்னா அந்தச் சுற்று முடியும் வரை வெளியேதான், இவ்வளவு கஷ்டத்துக்கு ஏன் ஒத்துக்கணும்?" என்பேன். அப்போது அவர் வாயிலிருந்து அவருடைய காரணம் வந்தால் பாதி வேலை முடிந்தது. வரவில்லையென்றால் அவர் மோசமான ஆள் என்று அர்த்தமில்லை. டாக்டருக்காகவோ அம்மாவுக்காகவோ வந்திருக்கிறார், அவ்வளவுதான். அவரோடு வேறு மாதிரி வேலை செய்யலாம்.

இந்த நான்கு சந்திப்புக்குள் ஒரு சின்னச் சோதனையும் உண்டு. ஒரே ஒரு திறனைச் சொல்லிக்கொடுத்து, அந்த வாரத்தில் நடந்த ஒரு சண்டையில் அதை எடுத்தாரா என்று கேட்பது. எடுத்து, பலிக்கவில்லை என்றால் நல்ல செய்தி, சேரலாம். எடுக்க வேண்டும் என்று நினைவே வரவில்லை என்றாலும் சேரலாம், நினைவில் வைக்கவும் பழக்கலாம். நினைவு வந்தது, எடுக்கத் தெரியும், எடுத்தால் என்ன ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது என்றால், நான் மறுபடி அந்த நான்கு காரணங்களுக்குப் போகிறேன். வங்கிக்காரரின் பதில் இன்னொரு விதம். "எல்லா நாளும் செஞ்சேங்க, பத்துக்குப் பத்து." அவரிடம் அடுத்த வாரத்துக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடம், சந்திப்புக்கு வேண்டுமென்றே ஐந்து நிமிடம் தாமதமாக வருவது. இரண்டு முறை முடியாமல் போய், மூன்றாவது முறை ஆறு நிமிடம் தாமதமாக, முகமெல்லாம் சிவந்து, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே வந்தார்.

சாஃப்ட்வேர் பெண் இப்போது இரண்டாவது சுற்றில் இருக்கிறார். போன மாதம் ராத்திரி ஒன்பதரைக்கு அழைத்தார். "மேடம், இன்னும் ஒண்ணும் பண்ணல. பத்து நிமிஷம் ஆச்சு. லிஸ்ட்ல நாலாவது வரைக்கும் பார்த்துட்டேன். அஞ்சாவது என்ன?"

(உடனே உதவி தேவைப்படுகிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.)